மதகடி வீடு, பதினோராவது வாரம்

மஞ்சுளாவுக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருந்தது. சர்க்கரை இருந்ததால் புண் ஆற நாளானது. பாகூரில் அவள் வீட்டுக்குத் தினமும் காலையில் நர்ஸ் ரோஸ்லின் வந்து கட்டு மாற்றிவிட்டுப் போவாள்.

ஒருநாள் அவள் பையிலிருந்து ஒரு டிவிடியை எடுத்தாள்.

"படுத்தே கெடக்கறீங்களேக்கா, இத போட்டுப் பாருங்க. நான் சின்னப்புள்ளயா நடிச்ச சீரியல். லோக்கல் கேபிள்ல வந்துச்சே, 'மதகடி வீடு'. நம்ம அன்புராஜ் எழுதினது. இன்னா காரணமோ, பாதியில நிறுத்திட்டாங்க."

காரணம் மஞ்சுளாவுக்குத் தெரியும்.

பதினைந்து வருஷத்துக்கு முன்பு ரேஷன் கடையில் யாரோ சொன்னார்கள்: "சீரியல்ல உன்னத்தான் காட்றான் மஞ்சு. அதே மூக்குத்தி, அதே பேச்சு." எழுதிய அன்புராஜ், அவள் நிலத்தில் நடவுக்கு வந்த கலியம்மாளின் மகன். மஞ்சுளா ஒரு வாரம்கூட அதைப் பார்க்கவில்லை. தொடரை நிறுத்தச் சொல்லித் தெருத்தெருவாகப் போய் அறுபது கையெழுத்து வாங்கினாள். கணவர் உலகநாதனைக் கூட்டிக்கொண்டு கேபிள் ஆபீசுக்குப் போய், குடும்பப் பெண்ணை அசிங்கப்படுத்துகிறார்கள் என்று சண்டை போட்டாள். பத்து வாரம் ஓடிய தொடர் அதோடு நின்றது.

ரோஸ்லின் பழைய பிளேயரைத் துடைத்து மாட்டிவிட்டுப் போனாள். மஞ்சுளா இரண்டு நாளில் பத்து வாரத்தையும் பார்த்தாள். படம் மங்கலாக இருந்தது. ஆனாலும் அந்த நிலக்காரி தானேதான் என்பதில் அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. பத்தாவது வாரத்தில், காய்ச்சல்காரப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கூலி கேட்டு வந்தவளை வாசல் கேட்டுக்கு வெளியே வெயிலில் நிற்க வைத்துவிட்டு, நிலக்காரி உள்ளே சாப்பிட்டு முடிக்கிறாள். அது நடந்ததுதான். அந்தப் பிள்ளை அன்புராஜ்தான்.

ஒளிபரப்பாகாத பதினோராவது வாரமும் டிவிடியில் இருந்தது. அதில் நிலக்காரி மறுநாள் வரப்பு வழியாகத் தனியாக நடந்து, கூலிக்காரியின் வீட்டுக்குப் போகிறாள். வாசலில் நின்றுகொண்டு, என்ன சொல்லிக் கூப்பிடுவதென்று தெரியாமல் தவிக்கிறாள். கதவு திறப்பதற்குள் 'தொடரும்' என்று வந்துவிட்டது.

மஞ்சுளா அப்படி ஒருநாளும் போனதில்லை. அன்புராஜ் அவளை, அவள் இருந்ததைவிட நல்லவளாக எழுதியிருந்தான். அதைத்தான் அவள் நிறுத்தியிருந்தாள்.

மறுநாள் ரோஸ்லின் கட்டுப் பிரிக்கும்போது மஞ்சுளா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ரோஸ்லினின் கை நின்றது.

"விளம்பரம் வரலன்னுதான் சொன்னாங்க. நான் நல்லா நடிக்கலயோன்னு எத்தினி நாள் அழுதிருக்கேன் தெரியுமா?" மறுபடி கட்டைப் பிரித்துக்கொண்டே, "ஒரு வாரமாச்சும் பாத்துட்டுப் போயி சண்ட போட்டிருக்கலாமேக்கா" என்றாள்.

மஞ்சுளா அன்புராஜின் நம்பரை மட்டும் கேட்டாள். ரோஸ்லின் மறுக்காமல் கொடுத்தாள்.

அன்புராஜ் இப்போது அரியூர்ப் பக்கம் காலேஜ் பஸ் ஓட்டுகிறான். மத்தியானம் மஞ்சுளாவே போன் போட்டாள். தான் செய்ததைச் சொன்னாள். தப்புதான் என்றாள்.

"தெரியும்க்கா" என்றான் அவன். "ஆபீஸ்ல கையெழுத்தெல்லாம் காட்டினாங்க. வுடுங்க. அப்புறம் நான் எதுவும் எழுதல."

"அந்தக் கதவு தொறக்குமாப்பா? அவ உள்ள கூப்புடுவாளா?"

"அத எழுதவேயில்லக்கா. எங்கம்மாகிட்ட கேட்டேன், அந்தம்மா நம்ம வூட்டுக்கு வந்தா இன்னாம்மா பண்ணுவன்னு. 'அவங்க எங்கடா வரப்போறாங்க, வந்தா பாத்துக்கலாம்'னு சிரிச்சாங்க. வேற ஒருநாள் கேக்கலாம்னு வுட்டேன். அதுக்குள்ள நின்னுபோச்சு."

கலியம்மாள் இறந்து ஆறு வருஷமாகிறது. சாவுக்கு உலகநாதன்தான் மாலை கொண்டுபோனார். மஞ்சுளா போகவில்லை.

"பஸ் எடுக்கணும்க்கா, வெச்சுடறேன்" என்றான் அன்புராஜ்.

அன்று சாயங்காலம் அவள் உலகநாதனிடம் சொன்னபோது, "பழசெல்லாம் இப்போ இன்னாத்துக்குக் கிளறுற?" என்று அவர் டீயைக் குடித்துவிட்டு வயலுக்குப் போய்விட்டார். மறுநாள் காலையில் ரோஸ்லின் டிவிடியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். இன்னும் ஐந்து நாள் வந்து கட்டு மாற்றினாள். அவள் கை முன்போலவே மெத்தென்று இருந்தது. ஆனால் புண்ணைப் பற்றித் தவிர வேறு எதுவும் பேசவில்லை.