ஆறு எண்கள்

...இல்லை, ஆஸ்பத்திரிக்கு மூக்குக்கண்ணாடி மாற்றப் போகிறேன் என்றுதானே அன்றைக்கு வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுப் போனோம், சொன்னது சொன்னதுதான், இனி மாற்றிச் சொல்ல முடியாது என்று முத்துப்பிரியா நினைத்துக்கொண்டிருந்தபோதே ஜீப்பு போடிமெட்டைத் தாண்டி முதல் வளைவில் திரும்பியது. பதினான்கு பெண்களும் ஒரே உடம்பாக இடப்பக்கம் சாய்ந்தார்கள், அன்னக்கொடி அக்காவின் முழங்கை விலாவில் குத்தியது. காலையிலிருந்து ஏலக்காய் பறித்த விரல்கள் கறுத்துப் பிசுபிசுத்தன. மேலே எஸ்டேட்டில் சிக்னல் கிடையாது, இறங்கும்போதுதான் போனுக்கு உயிர் வரும். இன்றைக்காவது அந்தக் காப்பீட்டு ஆபீஸிலிருந்து கூப்பிடுவார்களா, மூன்று வாரம் ஆகிவிட்டதே... முன்னாள் ராணுவத்தார் ஆஸ்பத்திரிக்குத் தலைவலி என்று போனவளிடம் அந்த டாக்டரம்மா, "சாப்பாடு எறங்குதாம்மா?" என்று கேட்டதற்குப் போய் அப்படி அழுதிருக்க வேண்டுமா? அழுது முடித்தபிறகு அந்தம்மா ஒரு சீட்டு எழுதினார். மதுரையில் மனநல ஆலோசனை, செலவெல்லாம் உங்கள் வீட்டுக்காரர் காப்பீட்டிலேயே வந்துவிடும், அவர்கள் கூப்பிட்டு அனுமதி கொடுப்பார்கள், அவ்வளவுதான் என்றார். அவ்வளவுதானா?

பதினேழு வருடம் ராணுவத்தில், எல்லையில் கிடந்துவிட்டு அவள் வீட்டுக்காரர் ஜெகதீஷ் ராசிங்காபுரத்துக்கு வந்து இரண்டு வருடமாகிறது. குடிப்பதில்லை, கை நீட்டியதில்லை, அதனால்தான் யாரிடமும் எதுவும் சொல்ல முடியாமல் போனது. என்னவென்று சொல்வது? வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்தால்தான் சோறு உண்பார் என்றா? தேவாரம் ஊர்ப்பக்கம் யானை விரட்ட வெடி போட்டால், எல்லாக் கதவையும் சாத்திவிட்டு அவளையும் தரையில் உட்காரச் சொல்வார், சத்தம் அடங்கி அரைமணி நேரமானாலும் எழுந்திருக்க விடமாட்டார் என்றா? அது அவருடைய பாடு, பாவம், அவர் எதைப் பார்த்தாரோ... ஆனால் இப்போதெல்லாம் வெடி போடாத நாளிலும் அவளே எழுந்துபோய்த் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்க்கிறாளே, அது யாருடையது? பென்சன் வருதுல்ல, ஒனக்கெதுக்குத் தாயி காட்டுச்சோலி என்று ஊரே கேட்கிறது. கதவே இல்லாத ஓர் இடத்தில் எட்டு மணி நேரம் நிற்கலாமே என்றுதான் மலையேறுகிறேன் என்று எப்படிச் சொல்வாள்.

போன் அடித்தது. தெரியாத நம்பர். காப்பீட்டு அலுவலகத்திலிருந்து ஒரு பெண், எழுதி வைத்ததைப் படிக்கிற குரலில் அட்டை எண்ணைக் கேட்டாள், பிறந்த தேதி கேட்டாள்.

"என்ன சிகிச்சைக்குன்னு சொல்லுங்க மேடம், ரெக்கார்டு ஆகுது."

"அந்தச் சீட்டுல இருக்கிறதுதாங்க."

"நீங்க வாயால சொல்லணும் மேடம்."

அதுவரை மாமியார் கதை பேசிக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள், அல்லது திரும்பியதாக அவளுக்குத் தோன்றியது. ஒரு முழங்காலை நகர்த்தக்கூட இடமில்லை, குதித்தால் பள்ளம். கண்ணுக்கு என்று சொல்லிவிடலாமா, சொன்னால் இதோடு முடிந்துவிடும், திரும்பவும் அந்த வீடு, அந்தத் தரை...

"மனசுக்கு," என்றாள். அன்னக்கொடி அக்கா முகத்தைத் திருப்பிப் பள்ளத்தைப் பார்த்தாள்.

"ஓகே மேடம். அட்டை ஜெகதீஷ் சார் பேர்ல இருக்கு. அவர் நம்பருக்கு ஒரு மெசேஜ் போயிருக்கு, அதுல ஆறு நம்பர் இருக்கும், வாங்கி வைங்க. அஞ்சு நிமிஷத்துல கூப்பிடறேன். இல்லேன்னா திரும்ப மொதல்லருந்து பதியணும்."

"என் நம்பருக்கே அனுப்பக் கூடாதாங்க?"

"நீங்க அவரைச் சார்ந்தவங்கதான மேடம்," என்றாள் அந்தப் பெண், கோபமில்லாமல், கனிவும் இல்லாமல்.

அடுத்த வளைவு. சிக்னல் ஒரு கோடு இறங்கி மறுபடி ஏறியது. விட்டுவிடலாம், ஒன்றும் கெட்டுப்போகாது, இத்தனை நாள் இல்லையா... இல்லை, அந்த மெசேஜில் என்ன சிகிச்சை என்று எழுதியிருக்கும், இந்நேரம் படித்திருப்பார், விட்டாலும் கேட்பார், விடாவிட்டாலும் கேட்பார். விரல் தானாகவே அவர் பெயரை அழுத்தியது. முதல் மணியிலேயே எடுத்தார், எப்போதும் போல.

"எங்க இருக்க?"

"ஜீப்புலதாங்க. ஏங்க... ஒங்க போனுக்கு ஒரு மெசேஜ் வந்திருக்கா?"

நாற்காலி நகரும் சத்தம். திட்டினால் என்ன சொல்வது, பொய் சொன்னியா என்றால்... "நாலு, ஒண்ணு, ஏழு," என்று தொடங்கினார், வயர்லெஸ்ஸில் பேசுகிற மாதிரி ஒவ்வொன்றாக நிறுத்தி, "ஏழு, பூஜ்யம், ரெண்டு. திருப்பிச் சொல்லு." சொன்னாள். "சரி," என்றார். ஆனால் போனை வைக்கவில்லை.

"என்னைக்கு வரச் சொல்லியிருக்காங்க?" குரல் அவர் குரலாகவே இல்லை, பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சிலிருந்து கேட்கிற குரல்.

"இன்னும் சொல்லலைங்க," என்று சொல்லும்போதே லைன் அறுந்தது. என்னைக்கு வரச் சொல்லியிருக்காங்க... யாரை? அவளையா, அவரையா? யாரை என்று அவர் சொல்லவில்லை. அட்டை அவர் பேரில்தானே, தனக்காகத்தான் அவள் இத்தனையும் ஓடியிருக்கிறாள் என்று நினைத்துவிட்டாரா? நினைத்தும் மறுக்கவில்லையா? ஒருவேளை இரண்டு வருடமாக யாராவது கேட்கட்டும் என்றுதான் அங்கே வாசலைப் பார்த்து...

போன் மறுபடி அடித்தது. எண்களைச் சொன்னாள். அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தம்.

"அனுமதி ஆயிடுச்சு மேடம். எட்டு தடவை போய்க்கலாம், இந்த அனுமதி ஒருத்தருக்கு மட்டுந்தான். சாருக்கும் வேணும்னா புதுசாச் சீட்டு வாங்கிப் பதியணும். பேஷண்ட் பேரு முத்துப்பிரியா, சரிங்களா?"

அவர் பேருக்கு மாற்ற முடியுமா என்று கேட்கத்தான் வாயைத் திறந்தாள். ஜீப்பு திரும்பியது, எல்லோரும் வலப்பக்கம் சாய்ந்தார்கள், அன்னக்கொடி அக்காவின் கை அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டது, விழாமலிருக்கவோ, வேறெதற்கோ.

"மேடம், லைன்ல இருக்கீங்களா?"

"சரிதாங்க," என்றாள், "அந்தப் பேருதான்." சொல்லி முடித்தபிறகும் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அவருக்காகக் கேட்டிருக்க வேண்டுமோ... விட்டுக்கொடுக்க வேண்டாமென்று இருந்தது. அப்படி இருந்ததை வீட்டுக்குப் போய் அவர் முகத்துக்கு முன்னால் எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை.