கைடம்மா சொல்லாமல் விட்டது

வியாழக்கிழமைகளில் சுற்றுலா வேன் தொக்குஷிமா நகரத்தைத் தாண்டி யோஷினோ ஆற்றங்கரைச் சாலைக்கு வந்ததும் மிட்சுயோ மைக்கைக் கையில் எடுப்பாள். அதற்குப் பிறகு மாலை வரை அவள் வாய் ஓயாது. காலையில் காகிதம் செய்யும் கூடம், பிற்பகலில் பாண்டோவின் சாயப்பட்டறை, அது முடிந்ததும் ஆற்றோரத்தில் உதோன் என்ற தடித்த நூடுல்ஸ் விற்கும் கடை. எங்கெங்கிருந்தோ வந்த வெளிநாட்டுக்காரர்களுக்கும் ஊர்க்காரர்களுக்கும் நடுவில் நின்றுகொண்டு இந்தப் பக்கத்துப் பேச்சை அந்தப் பக்கமும், அந்தப் பக்கத்துப் பேச்சை இந்தப் பக்கமும் மாற்றிக் கொடுத்துக்கொண்டே இருப்பாள். "அவர் என்ன சொல்றார்னா" என்றுதான் அவள் ஆரம்பிப்பது. தானாகச் சொல்வதற்கு அவளிடம் ஒன்றும் கிடையாது, யாரும் கேட்பதும் கிடையாது.

ஒசாகாவில் இருந்தபோது ஒரு கணவன் இருந்தான். விவாகரத்தான பிறகு அவள் சொந்த ஊருக்கே திரும்பி, ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சின்ன வீட்டில் வாடகைக்கு இருந்தாள். பெற்றவர்கள் போய்விட்டார்கள், கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. வேலை முடிந்து வரும் வழியில் சூப்பர் மார்க்கெட்டில் மீனும் வேகவைத்த கீரையும் எடுத்துக்கொண்டு போனால், கல்லாவில் நிற்கும் பெண் "பை வேணுங்களா?" என்று கேட்பாள். "வேணாம்" என்பாள் மிட்சுயோ. சில நாட்களில், தனக்காகத் தான் பேசியது அந்த ஒரு வார்த்தைதான் என்று படியேறும்போது அவளுக்குத் தோன்றும். கதவைத் திறந்ததும் முன்பெல்லாம் "வந்துட்டேன்" என்று சொல்லும் பழக்கம் இருந்தது. பதில் சொல்ல ஆள் இல்லாத வீட்டில் அது அசட்டுத்தனமாகப் பட்டதால் விட்டுவிட்டாள்.

பாண்டோ மனைவியை இழந்தவர். ஐம்பத்தைந்தைத் தாண்டிய, தோள் அகன்ற மனிதர். முழங்கை வரைக்கும் கை நீலமாக இருக்கும். தொழிலில் குறை இல்லை. தோக்கியோவிலிருந்து ஜீன்ஸ் துணி நெய்கிறவர்கள் நூலைக் கட்டுக்கட்டாக அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். வியாழக்கிழமை பிற்பகலை மட்டும் சுற்றுலாக்காரர்களுக்கு ஒதுக்கி வைத்திருந்தார். ஆளுக்கொரு வெள்ளைக் கைக்குட்டையை நூலால் கட்டி, அவுரிச் சாயத்தில் முக்கி எடுக்கச் சொல்லிக்கொடுப்பார். தொட்டியிலிருந்து வெளியே வரும்போது துணி பச்சையும் பழுப்புமாக இருக்கும். காற்றுப்பட்டதும் கண்ணெதிரிலேயே நீலமாக மாறும். எல்லாக் கூட்டமும் அந்த இடத்தில் ஒரே மாதிரி "ஆ!" என்று கத்தும்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு மழைநாளில்தான் அது ஆரம்பித்தது. தொட்டியைக் கலக்கிக்கொண்டே, தண்ணீரின் சூட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்த பாண்டோ, குரலைக் கொஞ்சமும் மாற்றாமல், "கைடம்மா, மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துப் போயிருக்கு? காலைல ஒண்ணும் சாப்பிடலியா?" என்றார்.

மிட்சுயோ தடுமாறிப் போனாள். பத்து ஜோடிக் கண்கள் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. "அவர் என்ன சொல்றார்னா, சாயம் வெளுத்துத் தெரிஞ்சா தொட்டிக்குப் பசின்னு அர்த்தமாம்" என்று ஆங்கிலத்தில் சொல்லி வைத்தாள். எல்லாரும் தலையாட்டினார்கள். ஒருத்தர் எழுதிக்கூட வைத்துக்கொண்டார். பிறகு, கைக்குட்டையைச் சரியாகக் கட்டியிருக்கிறார்களா என்று விசாரிப்பது போலப் பாண்டோ பக்கம் திரும்பி, "ரொட்டி தீந்து போச்சு, கடைக்குப் போக மழைல சோம்பலா இருந்துது" என்றாள்.

"நல்லாயிருக்கு போங்க! ஊருக்கெல்லாம் சாப்பாடு காட்டுற ஆளு!" என்றார் அவர், துணியைப் பிழிந்துகொண்டே.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. பக்கத்து வீட்டுப் பூனை நூல் கட்டின்மேல் குட்டி போட்டது, அண்ணன் நிலத்துக்காகச் சண்டை பிடித்தது, சிபாவில் வேலை பார்க்கும் மகன் புத்தாண்டுக்கும் வராமல் இருந்தது, எல்லாவற்றையும் அவர் தொழில் ரகசியம் சொல்லும் தோரணையில் சொல்வார். மிட்சுயோ அதற்குத் தோதாக ஏதாவது இட்டுக்கட்டுவாள். அண்ணன் சண்டை காற்றின் ஈரமாகும். மகன் வராதது சுண்ணாம்பின் அளவாகும். அவளும் நடுநடுவே தன் கதையைச் சொன்னாள். மாடிவீட்டுக் கிழவர் இருமுவதை, பல்வலியை, ஒசாகாக்காரனுக்குக் குழந்தை பிறந்திருப்பதாகக் கேள்விப்பட்டதை. கூட்டம் போனபிறகு அவர்கள் ஒரு வார்த்தைகூடக் கூடுதலாகப் பேசிக்கொண்டதில்லை. குனிந்து வணக்கம் சொல்லிவிட்டு அவள் வேனில் ஏறிவிடுவாள். ஆனாலும் புதன்கிழமை ராத்திரியே சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிவிடுவாள்.

இலையுதிர்காலத்தில் ஒரு வியாழக்கிழமை. மிட்சுயோ பல்வலியைப் பற்றிச் சொல்லி முடித்திருந்தாள். பாண்டோ தொட்டியின் மேல் நுரையை ஒதுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்: "ஞாயித்துக்கிழமை வாங்களேன் கைடம்மா. இந்தக் கூட்டம் இல்லாம, சும்மா. கஞ்சி வைக்கிறேன்."

"என்ன சொல்றார்?" என்று முன்வரிசையில் ஒரு பெண் கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமைல தொட்டிக்கு ஓய்வு குடுப்பாராம்" என்றாள் மிட்சுயோ. "கோதுமைத் தவிட்டுல கஞ்சி காய்ச்சி ஊத்துவாராம்."

அதில் பொய்யும் இல்லை, உண்மையிலேயே அப்படித்தான் செய்வார்கள். பாண்டோ ஒரு கணம் காத்திருந்துவிட்டு அடுத்த கைக்குட்டையை வாங்கிக்கொண்டார். மிட்சுயோ என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே நேரம் முடிந்துவிட்டது.

உதோன் கடையில் பெரிய மரத்தொட்டி நிறைய வெந்நீரில் உதோன் மிதந்து வர, கூட்டம் அதைச் சுற்றி உட்கார்ந்து வழுக்கும் உதோனோடு மல்லுக்கட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது. மிட்சுயோ வாசலில் கழற்றிப்போட்ட செருப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, நியூசிலாந்திலிருந்து தனியாக வந்திருந்த கிரஹாம் என்ற முதியவர் பக்கத்தில் வந்து நின்றார். வெள்ளை மீசை, மடிப்புக் கலையாத கோட்டு. நாள் முழுக்க யாரிடமும் வாயைத் திறக்காதவர்.

"ஏம்மா, அந்தாளு வூட்டுக்குக் கூப்டாரே. நீ இன்னா பதிலே சொல்லாம வந்துட்ட?" என்றார். ஜப்பானிய மொழியில், அதுவும் கோபே துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவர்கள் பேசும் பேச்சில்.

மிட்சுயோவின் கையிலிருந்த செருப்பு விழுந்தது. "உங்களுக்கு... உங்களுக்கு மொழி தெரியுமா?"

"வாலிபத்துல கோபேல கப்பல் வேலைம்மா. மூட்ட தூக்குறவங்ககிட்ட கத்துக்கினேன். அதான் இப்படி இருக்குது. என் சம்சாரம் காதப் பொத்திக்கும்." அவர் மீசைக்குள் சிரித்தார். "தெரியும்னு சொன்னா என்னையே பேசச் சொல்வாங்க. அதான் கம்முனு இருந்தேன்."

"பட்டறைல நாங்க பேசினது எல்லாம்..."

"எல்லாந்தான். உன் பல்லு எப்படிக் கீது இப்ப?"

அவள் மன்னிப்புக் கேட்டுக் குனிந்தாள், மறுபடியும் குனிந்தாள். அவர் கையை ஆட்டி நிறுத்தினார்.

"இதுக்கெதுக்கும்மா மன்னிப்பு? நா இங்க வந்ததுலேர்ந்து இன்னிக்குத்தான் நல்லாப் பொழுது போச்சு. ஆனா ஒண்ணு. அந்தாளு நீ பேசுவன்னு கொஞ்ச நேரம் நின்னாரு. நீ பாக்கல. நா பாத்தேன்."

அன்று இரவே அவள் பட்டறைக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னாள். "ஆங், சரி, வாங்க" என்றார் பாண்டோ. தொலைபேசியில் அவர் குரல் வேறு யாரோ போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ரயிலிறங்கி, பயற்று இனிப்புப் பெட்டியோடு அவள் போய்ச் சேர்ந்தபோது, அவர் வெள்ளைச் சட்டை போட்டுப் பொத்தானைக் கழுத்து வரை மாட்டியிருந்தார். நீலக் கைகள் அந்தச் சட்டையிலிருந்து வெளியே வந்து வேறொருவருடைய கைகள் போலத் தொங்கின. உள்ளே அழைத்துப்போய் உட்காரவைத்தார். இனிப்புப் பெட்டியை இரண்டு கையாலும் வாங்கி, "எதுக்கு இதெல்லாம்" என்றார். அவள் "ஒண்ணுமில்ல, சும்மா" என்றாள். வெளியில் குளிர் ஆரம்பித்துவிட்டதைப் பற்றி அவர் சொன்னார். ஆமாம் என்றாள். ரயிலில் கூட்டமா என்று கேட்டார். இல்லை என்றாள்.

அவர் சொன்னபடியே கஞ்சி வைத்திருந்தார், காளானும் கோழிக்கறியும் போட்டு. நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிறது என்றும் சொன்னாள். அதன்பிறகு இருவரும் கிண்ணத்தைப் பார்த்தே சாப்பிட்டார்கள். பூனையைப் பற்றிக் கேட்கலாமா என்று நினைத்தாள். ஆனால் இந்த அமைதியில், நேருக்கு நேர் உட்கார்ந்துகொண்டு, பூனையைப் பற்றிக் கேட்பது ஏதோ பெரிய விஷயத்தைக் கேட்பது போல ஆகிவிடும் என்று பட்டது. மாடத்தில் இறந்துபோன மனைவியின் படம். அதன் முன்னால் அவள் கொண்டுவந்த இனிப்பை அவர் ஏற்கெனவே வைத்திருந்தார்.

அவர் எழுந்து தொலைக்காட்சியைப் போட்டார். யாரோ கத்தரிக்காய் வறுத்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார்கள்.

"தொட்டியக் கலக்கணும்" என்றார் கடைசியில். அவளும் நிம்மதியாக எழுந்து கூடவே போனாள். ஆளில்லாத பட்டறை அவளுக்குப் பெரிதாகத் தெரிந்தது. அவர் நீளக் கட்டையைத் தொட்டியில் விட்டு, "இதுல இருக்கிற சாம்பத்தண்ணிய நாங்க..." என்று ஆரம்பித்து, சட்டென்று நிறுத்தினார். இதை அவளிடமா சொல்வது! அவர் காது சிவந்துபோனதை அவள் பார்த்தாள். சிரித்திருந்தால் சரியாகிப் போயிருக்கும். சிரிப்பு வரவில்லை.

"அக்கா போன் பண்ணினாங்க, சீக்கிரம் வரச் சொல்லி. மூணு மணி வண்டிக்குப் போகணும்" என்றாள்.

"அப்படியா? சரி, சரி. நான் கொண்டு விடறேன்." லாரியில் கொண்டுபோய் நிலையத்தில் இறக்கிவிட்டார். ரயில் கிளம்பும்வரை அவர் வெளியே நிற்பது ஜன்னலில் தெரிந்தது. கையை ஆட்டுவதா குனிவதா என்று தெரியாமல் இரண்டையும் பாதிப்பாதி செய்தார். அவளும் அப்படியே செய்தாள்.

அடுத்த வியாழக்கிழமை அவர் சாயத்தைப் பற்றி மட்டும் பேசினார். முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தை வரை. மிட்சுயோ அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னாள். கூட்டம் வழக்கம் போலவே "ஆ!" என்றது. அதற்கடுத்த வாரமும் அப்படித்தான். பழைய கதைகளில் எது வேண்டுமானாலும் பரவாயில்லை, ஒன்றாவது வராதா என்று அவள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். அவர் சாம்பல் என்றால் சாம்பல், சுண்ணாம்பு என்றால் சுண்ணாம்பு.

குளிர்காலத்தில் சுற்றுலா நின்றது. அந்த மாதங்களில் அவள் வீட்டிலிருந்தபடி ஏதோ இயந்திரக் கையேடுகளை மொழிபெயர்த்தாள். பேசுவதற்கு அந்த வேலையில் ஒன்றும் இல்லை. ஒரு வாரம் முழுக்க வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, கடையில் "பை வேணுங்களா?" என்று கேட்டதற்குப் பதில் சொல்லப் போனபோது குரல் கட்டிப்போய்க் காற்றுதான் வந்தது. கல்லாப் பெண் பயந்துபோய், "உடம்பு சரியில்லீங்களா?" என்றாள். மிட்சுயோ தலையை ஆட்டிவிட்டு வந்து, வீட்டு வாசலில் சாவியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். அன்றைக்கு அழுதாள். பலமுறை தொலைபேசியை எடுத்தாள். எண் மனப்பாடம். அழைக்கவில்லை. அங்கிருந்தும் அழைப்பு வரவில்லை.

மார்ச்சில் முதல் கூட்டம் வந்தது. கூட்டம் என்று சொல்வதற்கில்லை, கனடாவிலிருந்து ஒரு புதுமணத் தம்பதி மட்டும். பாண்டோ கொஞ்சம் இளைத்திருந்தார். "இந்த வருஷம் தொட்டி புளிச்சு எழும்பறதுக்கு நாளாச்சு" என்றார். அவள் அதை மொழிபெயர்த்தாள். தம்பதி ஒருவர் கைக்குட்டையை ஒருவர் கட்டிவிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண்ணிடம் நூலை இன்னும் இறுக்கச் சொல்லிவிட்டு, அதே மூச்சில், அதே குரலில், மிட்சுயோ பாண்டோவிடம் திரும்பினாள்.

"அன்னிக்கு எங்கக்கா போன் பண்ணல. எனக்கு அக்காவே கிடையாது."

பாண்டோ தொட்டியைக் கலக்கிக்கொண்டிருந்தார். கட்டை நிற்கவில்லை.

"தெரியும்" என்றார்.

"எப்படி?"

"மூணு வருஷமாப் பேசறீங்க. மாடிவீட்டுக் கிழவர் இருமினதுகூட எனக்குத் தெரியும். அக்கா ஒரு தடவகூட வரலியே."

அவள் மணப்பெண்ணின் கைக்குட்டையை வாங்கி அவரிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டவர், தொட்டியைப் பார்த்தபடியே, "நானும் அன்னிக்கு ஒரு வாரமாப் படிச்சு வச்சிருந்தேன், என்ன பேசணும்னு" என்றார். "எல்லாம் போச்சு. வெள்ளச் சட்டையப் போட்டதும் எல்லாம் மறந்து போச்சு."

"அந்தச் சட்ட உங்களுக்கு நல்லாவே இல்ல."

"அத நீங்க அன்னிக்கே சொல்லியிருக்கலாம் இல்ல!"

அவர் சத்தம் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. தம்பதி நிமிர்ந்து பார்த்தார்கள். மாப்பிள்ளைப் பையன் கட்டிய கைக்குட்டையை ஏதோ தப்புச் செய்துவிட்டது போலப் பிடித்துக்கொண்டு, "என்ன சொல்றார்? நாங்க எதாவது கெடுத்துட்டோமா?" என்று கேட்டான்.

மிட்சுயோ வாயைத் திறந்தாள். நுரை, சுண்ணாம்பு, ஈரம், எல்லாம் வரிசையாக நாக்கில் வந்து நின்றன. ஒன்றையும் அவள் எடுக்கவில்லை.

"இல்லங்க, நீங்க ஒண்ணும் கெடுக்கல" என்றாள். "அது எனக்குச் சொன்னது."

பையன் தலையாட்டிவிட்டுத் தொட்டியில் கையை விட்டான்.