காவலாளியின் கைக்குட்டை

கடைசிக் காலத்தில் ஓநாய்கள் ஆட்டுத்தோல் போர்த்திக்கொண்டு மந்தைக்குள் நுழையும். அப்போது ஒவ்வொரு சபைக்கும் ஒரு காவலாளியைக் கர்த்தர் நிறுத்துவார். ராஜபாளையத்துச் சபைக்கு அப்படி நிறுத்தப்பட்டவர் ஐயாதுரை. நின்ற இடம், செருப்பு விடுகிற வாசல். உள்ளே மின்விசிறிக்குக் கீழுள்ள இடங்களை வேறு ஆட்கள் முந்திப் பிடித்திருந்தார்கள்.

ஐயாதுரை பேண்டேஜ் துணி மில்லில் தரம் பார்த்து ஓய்வு பெற்றவர். துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இழை குறைந்தால் கழித்துவிடுவார். ஓய்வுக்குப் பிறகு பிரசங்கியார்களை அதே கண்ணால் பார்க்க ஆரம்பித்தார். வெளியூரிலிருந்து யார் வந்தாலும் ஞானஸ்நானம் பற்றி ஒரு கேள்வி, இரண்டாம் வருகை பற்றி ஒரு கேள்வி. ஒருமுறை குழாய் சரிசெய்ய வந்தவரையும் கேட்டுவிட்டார். "சாமி, நான் அய்யனாரு கும்பிடுதவன்" என்று அந்த மனிதர் ஸ்பேனரோடு திரும்பிப் போனார். குழாய் இன்றும் ஒழுகுகிறது.

ஐயாதுரைக்கு ஆசை என்று ஒன்றே ஒன்றுதான். பிரசங்க பீடம். காணிக்கைப் பை தூக்கியாயிற்று, அசன விருந்துக்கு ஆட்டுக்கறி வெட்டியாயிற்று, பீடத்தைத் துடைத்தும் ஆயிற்று. ஏறிப் பேச மட்டும் யாரும் கூப்பிடவில்லை.

அந்த நேரத்தில்தான் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கல்யாண மண்டபம் ஒன்றில் சனிக்கிழமைதோறும் தீர்க்கதரிசி வினோத் கூட்டம் போட்டார். பாடகர் குழுவில் பாதிப் பேர் அங்கே போனார்கள். அங்கே கத்திய களைப்பில் ஞாயிறு காலை இங்கே யாருக்கும் தொண்டை இல்லை. பாட்டு நொண்டியது.

"ஐயா, எனக்கு ஒரு ஞாயித்துக்கிழமை குடுங்க. அவன் தோலை உரிச்சிருதேன்" என்றார் ஐயாதுரை.

போதகர் தங்கச்சாமி யோசித்தார். "பாக்காமப் பேசுனா பாட்டுக்குழு மாரிக்கனி எந்திரிச்சுக் கேள்வி கேப்பா. அவதான வாராவாரம் வேன் பிடிச்சு ஆள் ஏத்துதா. ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வாங்க. மாசக் கடைசி ஞாயிறு உங்களுக்கு. அங்க போறவங்களைத் திருப்பிட்டீங்கன்னா, பொறவு மாசாமாசம் ஒரு பிரசங்கம் உங்களோடதுதான்."

ஐயாதுரை கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, மண்டபத்தில் கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தார். வெள்ளைக் கோட்டும் கம்மிய குரலுமாக வினோத் மேடையேறினார். பின்னால் கீபோர்டு உருகியது.

"முழங்கால் வலியுள்ள ஒரு சகோதரி இங்க இருக்காங்க!"

பெண்கள் பக்கம் பாதி மண்டபம் எழுந்தது. ஐயாதுரைக்குச் சிரிப்பு வந்தது. முழங்கால் வலி இல்லாத சகோதரி ஒருத்தியைக் காட்டினால் அதல்லவா அற்புதம்!

வினோத் கண்ணை மூடினார். "ஒரு மூத்த சகோதரர் இருக்கார். சபைக்காக ஓடி ஓடி உழைச்சவர். அவர் அருமை அந்தச் சபைக்குத் தெரியலை. ஐயா, உமக்கு ஒரு மேடை காத்திருக்கு!"

சிரிப்பு நின்றது. செத்த நேரம் கழித்துப் பார்த்தால் ஐயாதுரையும் நின்றுகொண்டிருந்தார். முன் வரிசைகளில் இன்னும் பல மூத்த சகோதரர்கள் நின்றார்கள். கறுப்புக் கண்ணாடி நனைந்திருந்ததால் அவருக்கு அவர்கள் தெரியவில்லை.

வெளியே வரும்போது ஆளுக்கொரு அபிஷேகக் கைக்குட்டை கொடுத்தார்கள். மஞ்சள் துணியில் அச்சடித்த வினோத் சிரித்தார். ஐயாதுரையின் விரல் உடனே கண்டுபிடித்துவிட்டது: சாயம் போட்ட பேண்டேஜ் துணி, இரண்டாந்தரம். மில்லில் அவர் கையாலேயே கழித்திருப்பார். நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள் மனைவி பரிபூரணம்.

"சுத்த ஏமாத்து."

"பொறவு ஏன் கண்ணு செவந்திருக்கு?"

"பஸ்ல காத்து."

"பையில என்ன மஞ்சளா?"

"சாட்சிப் பொருள், ஏட்டி. தொடாத."

அடுத்த சனிக்கிழமை கூமாப்பட்டியில் தென்னந்தோப்பு ஒன்று விலைக்கு வருகிறதென்று கிளம்பினார். அதற்கடுத்த சனிக்கிழமையும் அதே தோப்பு.

"தொட்டிச்செடிக்கே தண்ணி ஊத்த மாட்டீய. உங்களுக்குத் தோப்பு ஒரு கேடா?" என்றாள் பரிபூரணம்.

மாசக் கடைசி ஞாயிறு வந்தது. ஐயாதுரை பீடத்தில் ஏறி, மைக்கைத் தட்டிப் பார்த்தார். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே பேசினார்.

"கள்ளப்போதகன் சாத்தான் மாதிரியா வருவான்? நம்ம மனசுல எங்க அரிக்குதோ, அந்த எடத்தைச் சரியாச் சொறிஞ்சு விடுவான்! நான் போனது ஒரே ஒரு தடவை. ஒரே பார்வையில கண்டுபிடிச்சிட்டேன்!"

பாடகர் குழுவில் தலைகள் குனிந்தன. மாரிக்கனியே சேலை முந்தியைத் திருகிக்கொண்டிருந்தாள். போதகர் தலையாட்டினார். மாசாமாசம் ஒரு பிரசங்கம் கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிட்டது.

அப்போது கரண்ட் போனது. மின்விசிறிகள் நின்றன. வேர்த்துக் கொட்ட, ஐயாதுரை சட்டைப் பையில் கைவிட்டுத் துணியை உருவி, நெற்றியிலிருந்து பிடரி வரைக்கும் துடைத்தார். துணியிலிருந்து வினோத் சபையைப் பார்த்துச் சிரித்தார்.

யாரோ களுக்கென்றார்கள். ஐயாதுரை குனிந்து பார்த்தார். முகம் வெளிறியது, ஆனால் வாய் நிற்கவில்லை.

"இதைக் காட்டத்தான் கொண்டுவந்தேன்! இதுதான் அந்த அபிஷேகத் துணி! தொட்டுப் பாருங்க, கழிச்சுப்போட்ட ரெண்டாந்தர பேண்டேஜ்!"

"ஆமென்!" என்றது சபை. போதகரும் சொன்னார்.

மாரிக்கனி எழுந்தாள்.

"அண்ணாச்சி, ஒரே தடவைதான் போனீயளா?"

"ஒரே தடவை!"

"எப்ப?"

"மாச ரெண்டாஞ் சனி. ஐயா அனுப்பித்தான் போனேன்."

"அங்க வாரத்துக்கு ஒரு கலர் குடுப்பாவ, அண்ணாச்சி. அந்த வாரம் மஞ்ச. பொறவு பச்சை. நீலம் நேத்துத்தான் குடுத்தாவ."

ஐயாதுரையின் கையில் இருந்தது நீலம். மஞ்சளும் பச்சையும் அவர் வீட்டு மொட்டைமாடிக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன.