பாதி வட்டங்கள்

பாண்டிச்செல்வி பட்டாசுக் கம்பெனியை விட்டுச் சிவகாசி அச்சகம் ஒன்றில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அச்சுக்குப் போகும் பிலிமில் மை விட்டுப்போன இடங்களைப் பிரஷ்ஷால் தொட்டு நிரப்புவது வேலை. காலண்டர் முருகனின் புருவம் கொஞ்சம் அழிந்திருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது.

"இந்த ஆர்டர் நல்லபடியா போகட்டும்மா, ஒன் தங்கச்சியயும் பைண்டிங்ல சேத்துக்கிடுதேன்" என்று முதலாளி ராம்குமாரே சொல்லியிருந்தார். தங்கை பானுப்பிரியா, இவள் விட்டு வந்த எம். புதுப்பட்டிக் கம்பெனியில் இன்னும் வெடிக்கு மருந்து அடைத்துக்கொண்டிருந்தாள். அவளை அங்கிருந்து பிய்த்து எடுத்துவிட வேண்டும்; பாண்டிச்செல்விக்கு வேறு வேண்டுதலே கிடையாது. காரியம் முடிந்தபின் சொல்லலாம் என்று தங்கையிடம் வாயைத் திறக்கவில்லை.

அந்த ஆர்டர், ஓபோ பழகுகிறவர்களுக்கான புத்தகம். ஓபோ வெள்ளைக்காரர்களின் ஊதுகருவி, நம் நாதசுரத்துக்குத் தூரத்துச் சொந்தம். பக்கம் பக்கமாக வட்டங்கள்: விரலால் மூட வேண்டிய துளை கறுப்பு, திறக்க வேண்டியது வெள்ளை. ஆர்டர் கொடுத்தவர்கள் ப்ரூப்பைப் பார்த்து ஓகே சொன்ன பிறகுதான், கடைசிப் பக்கங்களில் சில வட்டங்கள் பாதி மட்டும் கறுத்திருப்பதை அவள் கண்டாள். சிவகாசியில் பாதிக் கறுப்பு என்றால் பழுது. புண்ணியவதி, யாரும் சொல்லாமலே உட்கார்ந்து ஒவ்வொன்றையும் அழகாக நிரப்பினாள்.

புத்தகம் போன வேகத்தில் திரும்பி வந்தது. உச்சத்துச் சுரங்களுக்கு விரலைச் சற்றே உருட்டி, பாதித் துளையைத் திறந்து வைக்க வேண்டுமாம். ஒரே சுரத்தை வேறு வேறு விதமாகப் பிடிக்கலாம் என்று காட்டத்தான் அந்தப் பக்கங்கள். இவள் கை பட்டதில் எல்லா விதமும் ஒன்றுபோல் ஆகிவிட்டது. அப்படிப் பிடித்தால் சுரம் மேலே ஏறவே ஏறாதாம்.

"யாரு ஒன்னய நெரப்பச் சொன்னா?" என்றார் ராம்குமார்.

"அழிஞ்சுபோச்சுன்னு நெனச்சேன் மொதலாளி. கேட்டா வேல தெரியலம்பீகளோன்னு…"

அவர் கத்தியிருந்தால்கூடத் தேவலை. "நாளையிலருந்து வர வேண்டாம்மா" என்று மட்டும் சொன்னார். தங்கைக்குச் சொன்ன வேலையும் அதோடு போயிற்று. மற்ற அச்சகங்களுக்கும் சேதி இவளுக்கு முன்னே போயிருந்தது.

திங்கட்கிழமை பழைய பட்டாசுக் கம்பெனியின் மருந்து அறைக்குள் குனிந்து நுழைந்தவளைப் பார்த்து பானுப்பிரியா சாக்கை இழுத்துப்போட்டு இடம் கொடுத்தாள். மருந்து படிந்த முகமெல்லாம் சிரிப்பு.

"வாக்கா, ஒக்காரு. தனியாக் கெடந்து செத்தேன். இனிமே ரெண்டு பேரும் இங்கனயே இருப்போம்க்கா."

பாண்டிச்செல்விக்கு ஓவென்று அழ வேண்டும்போல் இருந்தது. "ஆமாடி" என்று பக்கத்தில் உட்கார்ந்தாள்.