பதினான்காம் தேதி விடியாத ஊர்

குழாய்க்காரம்மாவுக்கு இருபத்தோரு வருஷமாக ஐம்பத்தொன்பது வயது. ஊரில் அறுபதைத் தாண்டாத ஆள் அவள் ஒருத்திதான். பள்ளிக்கூடத்தைப் பூட்டியாயிற்று, பிரசவ வார்டில் உடைந்த நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். இளசுகள் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டு, அறுபது ஆனதும் முட்டிவலியோடு திரும்பி வந்து பென்ஷனுக்கு எழுதிக் கொடுத்தார்கள். உழைப்பெல்லாம் வெளியூருக்கு, வலி மட்டும் சொந்த ஊருக்கு. ஆனால் சம்பளத்தில் பிடித்தம் கட்டுகிற ஒரு ஆளாவது ஊரில் இருந்தால்தான் மற்றவர்களுக்குப் பென்ஷன் வரும் என்று சட்டம் இருந்தது. ஒரே ஒரு ஆள் போதும் என்று எழுதிய புண்ணியவான் யாரோ தெரியவில்லை.

அவளுக்கு அறுபது ஆகவேண்டிய வருஷம் பென்ஷன்காரர் சங்கம் அவசரக் கூட்டம் போட்டது. அவள் பிறந்தநாளான பதினான்காம் தேதி ஊரில் விடியக் கூடாது என்று தீர்மானம். சங்கத்தில் எதுவும் ஒருமனதாகத்தான் நிறைவேற வேண்டும். ஒரு கை கீழே இருந்தாலும் செல்லாது. தோள்பட்டை வலி என்று டம்ளரைக்கூடத் தூக்காதவர்கள் அன்றைக்குக் கையைத் தூக்கிய வேகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பதின்மூன்றாம் தேதி படுத்த ஊர் பதினைந்தாம் தேதி எழுந்தது. எல்லார் வீட்டிலும் பால் கெட்டிருந்தது, வேறு சேதமில்லை. சும்மா இருக்க முடியாமல் பஞ்சாயத்து ஆபீசில் வந்து உட்காரும் ரிட்டயர்டு கிளார்க் அவள் பைலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு இன்னும் வயசாகலையேம்மா" என்றார். அவள் உடம்பும் அதை ஒப்புக்கொண்டது. பாதி நரைத்த முடி பாதியிலேயே நின்றது. இடுப்பு வலி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

வருஷா வருஷம் இதே கூத்துதான். அவள் குழிக்குள் இறங்கி வால்வு திருப்பினாள், வாஷர் மாற்றினாள். ஒருமுறை வெறுத்துப்போய் ஸ்பானரைப் பரண்மேல் போட்டுவிட்டுப் படுத்துக்கொண்டாள். ஊரே காலி வாளிகளோடு அவள் வாசலில் வந்து உட்கார்ந்தது. ஒருவரும் திட்டவில்லை, பாவமாக இருமினார்கள். இருமுவதிலும் ஒற்றுமைதான். நான்காம் நாள் எழுந்து வேலைக்குப் போனாள்.

வெளியூரிலிருந்த ஒரே மகளிடம், "நீயாவது வந்து வேலை பாருடி, நான் கொஞ்சம் உக்காந்துக்கறேன்" என்று போனில் கேட்டுப் பார்த்தாள். "அங்க வந்து நான் என்னம்மா பண்றது?" என்றாள் மகள். சரி, அவளுக்கும் ஒருநாள் அறுபது ஆகுமே, அன்றைக்குச் சங்கத்தில் இடம் கிடைக்குமே என்று தாய் காத்திருந்தாள். அந்த வருஷம் வந்ததும் மறுபடி போன் போட்டு, "வந்து கையைத் தூக்காம உக்காந்திரு, அது போதும்" என்றாள். "இதைக்கூடவா செய்ய மாட்டேன்?" என்றாள் மகள்.

மகள் வந்தாள். பெட்டியைத் தாய்தான் தூக்கினாள். ஸ்டேஷனில் பார்த்தவர்கள், தங்கை அக்காவைக் கூட்டிப்போகிறாள் என்று நினைத்தார்கள். முதல் மாசப் பென்ஷனில் மகள் தனக்கு ஒரு நல்ல மெத்தை வாங்கிக்கொண்டாள்.

கூட்டத்தன்று குழாய்க்காரம்மா வேண்டுமென்றே ஹாலுக்குள் வாஷ்பேசினைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தாள். ஆயிரத்துச் சொச்சம் கைகள் மேலே போயின. மகளின் கை மட்டும் மடியில் இருந்தது. எல்லாரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள், வழக்கம்போல இருமினார்கள். இத்தனை வருஷம் கழித்து உட்காரப் போகிறோம் என்று தாய் ஸ்பானரைக் கீழே வைத்தாள். மகள் எழுந்து நின்றாள். கண்ணாடியைத் துடைத்தாள்.

"உனக்கு உடம்பு இன்னும் நல்லாத்தானேம்மா இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கையைத் தூக்கினாள்.

பதினைந்தாம் தேதி காலையில் குழாய்க்காரம்மா பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். மெத்தையிலிருந்து மகள் குரல் கொடுத்தாள்: "சமையல்கட்டுக் குழாய் ராத்திரியெல்லாம் சொட்டுது. அதைப் பாத்துட்டுப் போயேன்."

அவள் திரும்பி வந்து, குழாயைக் கழற்றி, புது வாஷர் போட்டுவிட்டுப் போனாள்.