கடைசி இருக்கையில் செசிலி ஆசிரியை

கருமணலைக் கழுவிக் கழுவிக் கரையேற்றும் மேலைக்கடல் ஒருபுறம் முழங்க, தென்னந்தோகைகள் மறுபுறம் தலையசைக்க, ஆவணித் திங்களின் இளவெயில் மீனுலர்த்தும் மணற்பரப்பின்மேல் வெள்ளித் தகடெனப் படர்ந்திருந்த காலைப்பொழுதில், மணவாளக்குறிச்சிக்கு அணித்தான பள்ளியொன்று திருவிழாக் கண்ட ஊர்போல் பொலிந்தது.

அன்று ஆசிரியர் நாள். தம் பிறந்தநாளைக் கொண்டாட விழைந்த மாணாக்கரிடம், அதனை ஆசிரியர் அனைவர்க்கும் உரியதாக்குமாறு, நாட்டின் தலைமையேற்ற பேராசிரியர் ஒருவர் வேண்டியதால் மலர்ந்த நாள் அதுவென்பதைக் கற்றறிந்த நீவிர் அறிவீர். அப்பள்ளியிலோ, அன்று மாணவியர் சேலையுடுத்துப் பாடம் நடத்துவதும், ஆசிரியர் மாணாக்கராய் அமர்ந்து கேட்பதும் வழக்கம்.

பணியேற்றுச் சில திங்களேயான கணக்காசிரியை செசிலி, பத்தாம் வகுப்பின் கடைசி இருக்கையில் கல்லெனக் கனத்த நெஞ்சோடு அமர்ந்திருந்தாள். பாடம் புரிந்ததா என்றறிய, ‘மனசிலாச்சா?’ என்று அவள் கேட்கும்போதெல்லாம் ‘மனசிலாச்சு டீச்சர்’ என்று ஒரே குரலில் முழங்கிய வகுப்பு, தேர்வில் பாதிக்குமேல் தோற்றிருந்தது. தன்னை ஏய்த்து நகைக்கின்றனர் என்றெண்ணி, அத்திங்களோடு பணி துறக்கத் துணிந்திருந்தாள்.

தாயின் சேலை காலைத் தடுக்க, அன்றைய ஆசிரியையாய் வந்த மாணவி சுபிதா, செசிலி முந்தைய நாள் நடத்திய கூம்பின் கணக்கையே கரும்பலகையில் எழுதி முடித்து, இல்லாத மூக்குக்கண்ணாடியை அவளைப்போலவே மேலேற்றிக் கேட்டாள்.

“மனசிலாச்சா?”

“இல்ல டீச்சர்!” கூரை அதிர்ந்தது.

“ஏலே எட்சன், நேத்து செசிலி டீச்சர் கேட்டப்போ மனசிலாச்சுன்னு கத்துனியே?”

“இல்லைன்னா அவங்க மொகம் வாடிப்போவும்லா. பாவம், பின்னயும் மொதல்லேருந்து தொண்ட வறள நடத்துவாங்க. ஒனக்க மொகம் வாடுனா எங்களுக்கென்ன மக்கா?”

எழுந்த நகைப்பு, கடைசி இருக்கையின் நினைவு வந்ததும் காற்றிழந்த பாய்போல் தொய்ந்தது. செசிலி மெல்லக் கையுயர்த்தினாள்.

“டீச்சர், எனக்கொரு சந்தேகம்.”

“சொல்லு மக்கா... ஐயோ, சொல்லுங்க டீச்சர்!”

“எனக்க மொகம் வாடக்கூடாதுன்னா இவ்வளவு பேரும் தோத்திய?”

எட்சன் தலை தாழ்ந்தது. நெஞ்சிற் கிடந்த கல் உருண்டோட, நீர்மல்கிய கண்களோடு அவள் சிரித்தாள்.

மறுநாள், தன் இடத்தில் நின்று, அதே கணக்கை நடத்தி, அதே வினாவை எழுப்பினாள். முந்தைய நாள் அவள் செய்ததுபோலவே எட்சன் கையுயர்த்தினான்:

“இல்ல டீச்சர்.”

வாடுமென்று அவர்கள் அஞ்சிய முகம், மழைவிட்ட வானெனத் தெளிந்தது. பலகையைத் துடைத்து முதலிலிருந்து தொடங்கினாள். ஆசிரியர்க்குச் சூட்டும் மலர்கள் மாலைக்குள் வாடும். அஞ்சாது சொல்லப்பட்ட அந்த ‘இல்லை’யோ, அவள் வாழ்நாளெல்லாம் வாடாது மணந்தது.