மேல்மாடியில் எதிரி

விருந்தினர் மாளிகையில் டாக்டரம்மாவுக்கு ராஜ உபசாரம். சொந்த நாட்டு அரசை எதிர்த்து ஆயுதம் தூக்கிய இயக்கத்தின் சார்பில் சமாதானம் பேச வந்திருந்தார். பேச இடம் கொடுத்தது பக்கத்திலிருந்த பெரிய நாடு. அதன் வெளியுறவு அதிகாரி வாய் நிறைய "அக்கா" என்பான். அந்த 'அக்கா'தான் டாக்டரம்மாவை உறுத்தியது.

"அவசரப்பட்டுக் கையெழுத்து போட்டுடாதீங்க, அக்கா. இன்னும் ஆறு மாசம் தாக்குப்பிடிங்க. வேண்டியதை நாங்க அனுப்பறோம்."

சமாதானத்துக்கு அழைத்தவன் சண்டைக்குச் சாமான் தருகிறானே! ஆறு மாதத்தில் தன் ஆஸ்பத்திரியில் எத்தனை கால்களை வெட்டி எடுக்க வேண்டியிருக்கும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டார்.

மத்தியானம், அதிகாரி சாப்பிடப் போன நேரம் பார்த்து மேல்மாடிக்கு ஏறினார். அரசுத் தரப்பு ஜெனரல் அங்கேதான் தங்கியிருந்தார். டாக்டரம்மாவின் தம்பி செத்தது இந்த ஆளின் படையின் கையால்தான். இருந்தும் கதவைத் தட்டினார்.

பனியனோடு வந்து திறந்தார் ஜெனரல். "என்னம்மா, சுட வந்தீங்களா?"

"கேக்க வந்தேன். உங்களையும் ஆறு மாசம் தாக்குப்பிடிக்கச் சொன்னானா?"

ஜெனரலின் முகம் தொங்கிப் போயிற்று. "என்னை 'அண்ணே'ன்னு கூப்பிடுவான்" என்றார் மெதுவாக.

"என்னை அக்கான்னு."

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தம்பி ஞாபகம் வர, டாக்டரம்மா சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

"அவன் அனுப்பி நீங்க வரலையே?" என்றார் ஜெனரல்.

"நீங்க அவன்கிட்ட இதைப் போய்ச் சொல்ல மாட்டீங்கன்னு நான் எப்படி நம்பறது?"

மறுநாள் பேச்சுவார்த்தையில் இருவரும் ஒரே குரலில் அதிகாரியை வெளியே போகச் சொன்னார்கள். சாயங்காலத்துக்குள் ஒன்றே ஒன்று முடிவானது: இரு தரப்புக்கும் நடுவே மூடிக் கிடந்த ஆற்றுப்பாலத்தைக் காயம்பட்டவர்களுக்காகத் திறப்பது.

வழியனுப்ப வந்த அதிகாரியின் முகத்தில் ஒரு சுணக்கமும் இல்லை. "நான் எதிர்பார்த்ததுதான், அக்கா."

தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள அப்படிச் சொன்னானா? இல்லை, வேண்டுமென்றேதான் எதிரிகளைக் கீழும் மேலுமாகத் தங்கவைத்தானா? ஊர் வந்து சேரும்வரை அதையே மென்றுகொண்டிருந்தார்.

பாலம் திறந்தது. முதல் ஆம்புலன்ஸ் வந்ததும், வேறு யாரையும் விடாமல் டாக்டரம்மாவே பின்கதவைத் திறந்து, ஆயுதம் ஏதும் ஒளித்திருக்கிறதா என்று ஒவ்வொரு போர்வையாக விலக்கிப் பார்த்தார். காயம்பட்டவர்கள்தான். அவசரமாக ஸ்ட்ரெச்சர் கேட்டுக் கத்தினார்.